மென்குரல் வேந்தர் ஏ. எம். ராஜா

அல்வால், பொல்லாரம், திருமலகிரி பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய தெலுங்குப் பாட்டு ஒன்று எங்காவது ஒலித்தால், அது தமிழில் எந்தப் பாட்டு என்று நாலு வரி கேட்பதற்குள் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். பாதி நேரம் ஊகம் தப்பிவிடும். ஆனால் ஒரு குரல் வரும்போது ஊகத்துக்கே வேலை இல்லை. மெட்டும் நாம் அறிந்தது, பாடுகிறவரும் நாம் அறிந்தவர். சொல் மட்டும்தான் தெலுங்கு. அந்தக் குரலுக்கு உரியவர் ஏ. எம். ராஜா.

1959-ல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் சைக்கிளில் போகும்போது வரும் பாட்டை மறந்த தமிழர் குறைவு. 'வாடிக்கை' என்ற சொல்லில் தொடங்கும் அந்தப் பாட்டு, மறு ஆண்டு தெலுங்கில் 'பெள்ளி கானுக' என்ற பெயரில் அதே கதை படமானபோது 'வாடுக' என்ற சொல்லில் தொடங்கியது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். மெட்டின் முதல் எடுப்புக்குத் தமிழில் எந்தச் சொல் உட்கார்ந்ததோ, அதன் உடன்பிறப்பையே தெலுங்குக் கவிஞர் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார். இரண்டு மொழியிலும் இசையமைத்தவர் ராஜா. உடன் பாடிய பி. சுசீலாவும் அவரே. மெட்ராஸ் ராணுவத்தின் பின்னாலும், ரயில்வேயின் பின்னாலும், பிறகு கம்பெனி வேலைகளைத் தேடியும் இங்கே வந்து குடியேறிய நம்மவர்களுக்கு, இப்படி இரண்டு வீட்டிலும் உரிமையோடு நுழையக்கூடிய பாடகர் ஒருவர் கிடைத்தது பெரிய ஆறுதல்.

சித்தூர்ப் பிள்ளை

ஏமல மன்மதராஜு ராஜா பிறந்தது 1929 ஜூலை 1-ம் தேதி. ஊர் சித்தூர் மாவட்டத்து ராமாபுரம். அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பூமி அது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோதுதான் அந்த மாவட்டம் அந்தப் பக்கம் போயிற்று. எல்லைக்காகப் பெரியவர்கள் கட்சி கட்டி வாதாடிய நாட்களில், எல்லைக் கோட்டைப் பற்றிய கவலை இல்லாமல் இரண்டு மொழியிலும் பாடிக்கொண்டிருந்தார் இந்த இளைஞர்.

கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். படிப்பில் கெட்டிக்காரர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1951-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். கல்லூரிப் போட்டிகளில் பாடிப் பரிசு வாங்கிய பிள்ளையை இசைத்தட்டுக் கம்பெனி கவனித்தது. தாமே எழுதி மெட்டமைத்த இரண்டு தெலுங்குப் பாட்டுகளை எச்.எம்.வி. இசைத்தட்டில் பாடினார். அதற்குப் பின்னணி வாத்தியங்களை ஒழுங்கு செய்து கொடுத்தவர், பிற்காலத்தில் திரை இசைத் திலகம் என்று நாடு கொண்டாடிய கே. வி. மகாதேவன். அந்த அறிமுகம் வீண் போகவில்லை. 1952-ல் வந்த 'குமாரி' படத்தில் மகாதேவன் அவருக்குப் பாட வாய்ப்புக் கொடுத்தார். அதற்கு முன்பே ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன், வானொலியில் இந்தக் குரலைக் கேட்டு 1951-ல் 'சம்சாரம்' படத்தில் பாட வைத்திருந்தார். பட்டம் வாங்கிய ஆண்டிலேயே பின்னணிப் பாடகர். வேலை தேடி மனுப் போடும் தொல்லை அவருக்கு இல்லாமல் போயிற்று.

அவர் வந்த காலத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய தலைமுறை நாடக மேடையிலிருந்து வந்தது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி எட்டுக்கட்டையில் எடுத்தால்தான் பாட்டு. சினிமாவிலும் வெகு காலம் அதே பாணிதான். மைக் என்ற கருவி வந்த பிறகு அவ்வளவு உரக்கப் பாட அவசியம் இல்லை என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் அமெரிக்கப் பாடகர்கள். பிங் கிராஸ்பி போன்றவர்கள் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, காதோடு காதாகப் பேசுவது போலப் பாடினார்கள். வடக்கே தலத் மஹ்மூத் அப்படிப் பாடினார். தமிழிலும் தெலுங்கிலும் அந்த மென்மையைக் கொண்டு வந்தவர்களில் முதல் பெயர் ராஜாவுடையது. அவர் குரலுக்கு எட்டுக்கட்டை எட்டாது. கர்ஜிக்கவும் வராது. வராத ஒன்றுக்கு முட்டி மோதாமல், வந்த ஒன்றை மெருகேற்றிக்கொண்டார். உச்சரிப்பில் ஒரு சொல்லும் மங்காது. ஏக்கம், தயக்கம், சின்னக் கோபம் இவை எல்லாம் அந்தக் குரலில் அளவோடு விழும்.

1953-ல் வந்த 'பெற்ற தாய்' படத்தில், விஜயநகரத்திலிருந்து வந்த புதுப் பெண் ஒருவர் அவரோடு ஜோடிப் பாட்டுப் பாடினார். அந்தப் பெண்தான் பி. சுசீலா. தமிழில் அவருக்கு அதுதான் தொடக்கம்.

1955 பொங்கலை ஒட்டி விஜயா கம்பெனியார் ஒரே கதையைத் தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்றும், தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' என்றும் வெளியிட்டார்கள். தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் என். டி. ராமராவ், இரண்டிலும் கதாநாயகி சாவித்திரி. சாலூரி ராஜேஸ்வர ராவ் இசை. கதாநாயகர்கள் இரண்டு பேர், ஆனால் பாடும் குரல் ஒன்றே. தமிழில் தஞ்சை ராமையாதாஸ் எழுதியதையும், தெலுங்கில் பிங்களி நாகேந்திர ராவ் எழுதியதையும் ராஜாவே பாடினார். அந்த நிலாப் பாட்டு இரண்டு மொழியிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு ஜெமினி கணேசன் என்றால் ராஜாவின் குரல் என்று ஆகிவிட்டது.

அந்த நாளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்திருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1957-ல் விவித பாரதி தொடங்கும்வரை, சினிமாப் பாட்டுக்கு இலங்கை வானொலிதான் கதி. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் கைகொடுத்தது. ராஜாவின் குரல் பட்டிதொட்டி எல்லாம் பரவியது அந்த வழியில்தான்.

முப்பது வயதுக்குள் நான்கு பேர்

தாமே மெட்டமைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு முதலிலிருந்தே உண்டு. கல்லூரி இசைத்தட்டிலேயே அதைப் பார்த்தோம். 1958-ல் 'சோபா' என்ற தெலுங்குப் படம் அந்த ஆசையை நிறைவேற்றியது. தமிழில் அந்தக் கதவைத் திறந்தவர் நண்பர் ஸ்ரீதர்.

ஸ்ரீதர் அதுவரை கதை வசனகர்த்தா. முதன்முதலாக டைரக்ட் செய்ய எடுத்துக்கொண்ட படம் 'கல்யாணப் பரிசு'. அவருக்கு அப்போது 25 வயது. பாட்டு எழுதப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் வந்தார். வயலையும் உழைப்பையும் பாடிய பொதுவுடைமைக் கவிஞருக்குக் காதல் கதையில் எல்லாப் பாட்டும் எழுதும் வேலை. அவரும் முப்பதை எட்டாதவர். ராஜாவும் அப்படியே. சுசீலா எல்லோரிலும் இளையவர். வயதில் பெரியவர் யாரும் நடுவில் உட்கார்ந்து, இப்படித்தான் பாட்டு இருக்க வேண்டும் என்று அதட்டாதது அந்தப் படத்தின் அதிர்ஷ்டம் என்றே சொல்லலாம்.

அந்நாளில் ஒரு சினிமாப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறோம். முதலில் டைரக்டர் காட்சியைச் சொல்வார். யார் பாடுகிறார்கள், எங்கே, எந்த மனநிலையில், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடக்கப் போகிறது என்று கதையாகவே சொல்ல வேண்டும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார். பக்கத்தில் தபலாக்காரர் தாளம் பிடிப்பார். பல்லவிக்கு மட்டும் நாலைந்து மெட்டுப் போட்டு, எது வேண்டும் என்று கேட்பது வழக்கம். ஒன்று முடிவானதும் கவிஞரிடம் தத்தகாரமாகப் பாடிக் காட்டுவார்கள். கவிஞர் அந்த அளவுக்குள் சொல்லை அடக்க வேண்டும். சில சமயம் கவிஞரின் வரி மெட்டைவிட நன்றாக அமைந்துவிடும். அப்போது இசையமைப்பாளர் தம் மெட்டை வளைத்துக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பல கூட்டணிகள் முறிந்தன. வளைந்து கொடுக்கிற மனசு இருந்தால் பாட்டு தேறும், இல்லாவிட்டால் அறையில் இருப்பவர்கள் காப்பி குடித்துக் கலைய வேண்டியதுதான்.

பிறகு பாடகருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். உதவியாளர்கள் வாத்தியக்காரர்களுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுப்பார்கள். ஒலிப்பதிவு அன்று பாடகர்களும் வயலின், புல்லாங்குழல், மாண்டலின், கிதார், தபலாக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடுவார்கள். இப்போது போல ஒருவர் இன்று பாடிவிட்டுப் போக, இன்னொருவர் நாளை வந்து வாசித்து, பிறகு எல்லாவற்றையும் ஒட்டிக்கொள்ளும் வசதி அன்று கிடையாது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். கடைசி சரணத்தில் ஒரு வயலின் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. முப்பது பேரின் உழைப்பு ஒரு ஆளின் தும்மலில் போய்விடும். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் இடம் என்பதால் பாட்டின் நீளத்துக்கும் கடிவாளம் உண்டு.

ராஜாவுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. மெட்டுப் போடுகிறவரும் பாடப் போகிறவரும் அவரே. தம் குரல் எங்கே சுகமாக நிற்கும், எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். எனவே மெட்டை மேலே தூக்கி வித்தை காட்டவில்லை. பேச்சு நடையில் ஓட விட்டார். வாத்தியங்களைக் குறைத்து, பாடுகிற வரிக்குப் பின்னால் அவை அடங்கிப் போகும்படி வைத்தார். பட்டுக்கோட்டையாரின் எளிய சொல் அதற்கு நன்றாகப் பொருந்தியது. வீட்டில் பேசுகிற தமிழ், வீட்டில் முணுமுணுக்கிற மெட்டு. படித்தவரும் படிக்காதவரும் ஒரே நாளில் பாடத் தொடங்கினார்கள்.

ஒரே மெட்டை இரண்டு மனநிலைக்கு வைத்த சாமர்த்தியத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. தீபாவளி மத்தாப்பின் முன் குழந்தையோடு சுசீலா குதூகலமாகப் பாடுவதை, பிறகு ராஜா சோகமாகப் பாடுவார். தாளத்தின் வேகமும் சொல்லும் மாற, சிரித்த மெட்டே அழும். ஜிக்கிக்கும் ஒரு தனிப் பாட்டு. அந்தப் பாட்டின் முதல் அடியே பிற்காலத்தில் வேறொரு படத்துக்குப் பெயராயிற்று.

படம் 1959 ஏப்ரலில் வெளிவந்து வெள்ளி விழாக் கொண்டாடியது. ஆனால் அந்த மகிழ்ச்சி முழுமையாக நிலைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 8-ம் தேதி பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் காலமானார். வயது 29. நால்வரில் ஒருவர் குறைந்தார்.

தெலுங்கில் 'பெள்ளி கானுக'வையும் ஸ்ரீதரே டைரக்ட் செய்தார். கதாநாயகன் அக்கினேனி நாகேஸ்வர ராவ். அவருக்கு வழக்கமாகப் பாடுகிறவர் கண்டசாலா. அந்தப் பெருங்குரலுக்குப் பழகிய ரசிகர்கள் ராஜாவின் மென்குரலை ஏற்பார்களா என்பது கேள்விதான். ஏற்றார்கள். இன்றும் ஹைதராபாத்தில் பழைய பாட்டுக் கச்சேரி என்றால் 'பெள்ளி கானுக' பாட்டு ஒன்றாவது இருக்கும். இந்தியில் இதே கதை 'நஸ்ரானா' என்று 1961-ல் வந்தபோது இசை வேறு ஒருவரிடம் போயிற்று.

விரிசல்

அடுத்து 'விடிவெள்ளி', அதற்கடுத்து 1961-ல் 'தேன் நிலவு'. ஸ்ரீதர் தம் சொந்த நிறுவனமான சித்ராலயாவின் பெயரில் காஷ்மீருக்குப் போய் எடுத்த படம் அது. பாட்டுகள் கண்ணதாசன். ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடிக்க, ராஜாவின் மெட்டுகள் இன்னும் இலேசாயின. எஸ். ஜானகியோடு அவர் பாடிய ஒரு பாட்டு, குழந்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் காதலிக்குச் சூட்டி, மேல்நாட்டுத் தாளத்தில் துள்ளும். அதைக் கேட்டு முகம் சுளித்த பெரியவர்களும் இருந்தார்கள். இன்று கேட்டால் அந்தப் பாட்டுக்கு வயதாகவில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம். 'மிஸ்ஸியம்மா'வைப் போலவே 'தேன் நிலவு' பாட்டுகளும் அறுபது ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன.

ஆனால் அந்தப் படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஸ்ரீதருக்கும் ராஜாவுக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது. ராஜா கறாரான மனிதர். தம் வேலையில் யாரும் குறுக்கிடுவதைப் பொறுக்காதவர். தமக்குச் சரி என்று படாத ஒன்றுக்கு இணங்கிப் போவது அவர் சுபாவம் இல்லை. ஸ்ரீதரும் தம் படத்தின் ஒவ்வொரு அங்குலமும் தம் விருப்பப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். இப்படி இரண்டு பேர் தமிழில் மூன்று படங்கள் சேர்ந்து செய்ததே ஆச்சரியம். 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எடுத்தபோது ஸ்ரீதர் விஸ்வநாதன் - ராமமூர்த்தியிடம் போய்விட்டார். ஜெமினி கணேசனுக்குப் பாட பி. பி. ஸ்ரீநிவாஸ் வந்தார். அவரும் தெலுங்கு நாட்டுக்காரர், அவரும் மென்குரல்.

இழப்பு யாருக்கு என்று ரசிகர்கள் வெகு நாள் வாதாடினார்கள். ஸ்ரீதருக்கு வேறு நல்ல இசை கிடைத்தது. அவர் நஷ்டப்படவில்லை. ராஜாவுக்கு அப்படி ஒரு தோழர் பிறகு கிடைக்கவில்லை. அதே 1962-ல் 'ஆடிப்பெருக்கு' படத்துக்கு அவர் போட்ட மெட்டுகளைக் கேட்டால், சரக்குத் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தனிமையைப் பற்றி அதில் அவரும் சுசீலாவும் பாடும் பாட்டு அவருடைய தலைசிறந்த பாட்டுகளில் ஒன்று. இருந்தும் படங்கள் குறைந்தன. 33 வயதில், மற்றவர்கள் வாய்ப்புக்கு அலைகிற வயதில், தமிழ்ப் பட உலகில் அவருடைய பெரிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாம் என்று சொல்வது சுலபம். வளையாத அந்தக் குணம்தான் மெட்டிலும் ஒரு ஸ்வரம் அதிகப்படியாக விழாமல் காத்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

கேரளம் அவரைக் கைவிடவில்லை. 1962-ல் 'பார்யா', 1969-ல் 'அடிமகள்' என்று தேவராஜன் இசையில் அவர் பாடியவை மலையாளிகளின் நெஞ்சில் நிலைத்தவை. தமிழில் 1971-ல் வி. குமார் 'ரங்கராட்டினம்' படத்துக்கு அவரை மறுபடி அழைத்தார். மறு ஆண்டு சங்கர் - கணேஷ் 'புகுந்த வீடு' படத்தில் ராஜாவையும் ஜிக்கியையும் ஜோடியாகப் பாட வைத்தார்கள். 1973-ல் 'வீட்டு மாப்பிள்ளை'க்கு அவரே இசையமைத்தார். பழைய வேகத்தில் படங்கள் வரவில்லை என்றாலும், குரல் மாறவே இல்லை.

ஜிக்கியோடு மேடையில்

ஜிக்கி அவர் மனைவி. இயற்பெயர் கிருஷ்ணவேணி. தெலுங்குக் குடும்பத்தில் சென்னையில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே படத்தில் பாடியவர். 1948-ல் 'ஞானசௌந்தரி' படத்தில் மாதாவை வேண்டும் பாட்டில் அவர் குரலைக் கேட்டுத் தமிழ்நாடு உருகியது. ராஜாவும் ஜிக்கியும் சேர்ந்து பாடிப் பாடியே வாழ்க்கையிலும் இணைந்தார்கள். பட வாய்ப்புகள் குறைந்தபோது இருவரும் குழு சேர்த்து மேடைக் கச்சேரி செய்தார்கள். கோயில் திருவிழாக்களிலும் விழாப் பந்தல்களிலும் தாமே மெட்டமைத்ததை, தாமே பாடியதை, கூட்டம் கேட்கக் கேட்க மறுபடி பாடினார்கள். இன்னொருவர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாத வேலை அது. அவருக்கு அது பிடித்திருக்க வேண்டும்.

1989 ஏப்ரலில் அப்படி ஒரு கோயில் கச்சேரிக்காகத் தம் குழுவினருடன் ரயிலில் நாகர்கோவில் பக்கம் பயணம் போனார். வழியில் வள்ளியூர் ரயில் நிலையத்தில் கால் தவறி, ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவே விழுந்து உயிரிழந்தார். அறுபது வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஜிக்கி அதன் பிறகும் பாடினார். 2001-ல் 'முராரி' என்ற தெலுங்குப் படத்தில் மணிசர்மா இசையில் ஒரு கல்யாணப் பாட்டு வந்தது. ராமர் கல்யாணத்தை நினைவூட்டும் அந்தப் பாட்டை இரண்டு இளம் பாடகிகளோடு சேர்ந்து பாடியவர் ஜிக்கி. 2004 ஆகஸ்டில் அவரும் காலமானார். அல்வால் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் தாலி கட்டும் நேரத்தில் அந்தப் பாட்டு இன்றும் அடிக்கடி ஒலிக்கிறது. நடுவே முதிர்ந்த குரல் ஒன்று வருமே, அது ஏ. எம். ராஜாவின் மனைவியுடையது.